முதல் பிரேம்

மார்ச் 4, செவ்வாய்

பதினைந்தாவது பயிற்சிப் படத்தை இன்று முடித்தேன். தோள்வலிக்கு. எட்டுப் பிரேம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி அசையும் ஜிஃப். முதலில் ஒருவர் தோளைக் காதுவரை ஏற்றிக் கையைத் தூக்குகிறார், அது தப்பு. மூன்றாவது பிரேமில் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். பிறகு தோளை இறக்கி வைத்துத் தூக்கும் சரியான முறை. எப்போதும் தப்பில்தான் தொடங்குவேன். தான் செய்யும் தப்பை முதலில் பார்த்தால்தானே மனிதருக்கு உறைக்கும்?

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இத பாத்தா எனக்கே தோள் வலி போயிடும் போல" என்றார். இந்த பிசியோ கிளினிக்கில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது குதிரைக்குக் கொம்பு முளைப்பதுபோல.

படங்களை நோயாளிகளுக்கு அனுப்பும் மின்னலும் எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு மேடம்" என்றார். ஏன் அவ்வளவு சுருக்கமாக?

மார்ச் 6, வியாழன்

தையல்கார அம்மா வந்திருந்தார். போன வாரம் தோள்மட்டம் வரை தூக்கிய கை இப்போது மார்புக்கு மேல் ஏறவில்லை. பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா. அந்த அம்மா தோளைக் காதோடு ஒட்டிக்கொண்டு தூக்கினார். முகமெல்லாம் வலி.

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்க மெயில்ல அனுப்பின படத்துல இப்படித்தானம்மா இருந்துச்சு. மருமக கம்ப்யூட்டர்ல பெருசா தொறந்து காட்டுனா. ரெண்டு நாளா ரெண்டு வேளையும் தப்பாம செஞ்சேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் கணினியில் திறந்து காட்டினேன். தப்பு, சிவப்புக் குறி, சரி. கடிகாரம்போல ஓடியது.

"அப்போ அங்க போனது எது?" என்றார்.

எது? அந்தப் படத்தைத் தொட்டது இரண்டே கைகள். ஒன்று என்னுடையது.

மார்ச் 7, வெள்ளி

மின்னல் என்று பெயர் வைத்தது வரவேற்பறைப் பெண்கள். ஆமை அவரைத் தாண்டிப் போய்விடும், அதனால். என் வயதுதான் இருக்கும். நான் வரைவதை வாங்கி நோயாளிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது அவர் வேலை. போன வருடம் என் வேலைக்கு அவரும் மனுப் போட்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை. அவர் மட்டும் மறந்திருப்பாரா?

இன்று அவர் மேசைப் பக்கம் இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை சட்டென்று ஒரு ஜன்னலை மூடினார்.

"என்ன பாத்துட்டு இருந்தீங்க?"

"ரயில் டிக்கெட் மேடம்."

ரயில் டிக்கெட்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவருக்குக் கணினி என்றால் டைப்ரைட்டருக்குத் தம்பி.

"படம் அங்க ஓடலயோ என்னவோ" என்றார்.

"ஜிஃப் எல்லாத்துலயும் ஓடும். நேத்து என் போனுக்கே அனுப்பிப் பாத்துட்டேன்."

"உன் போன்ல ஓடுனா ஊர்ல ஓடுமா?"

"உங்களுக்கு உலகத்துல எல்லாரும் நல்லவங்க."

"எல்லாரும்னு சொல்லல. உங்கக்கா இருக்காங்களே."

சிரிப்பு வந்தது. இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் படபடக்கும்போது இவர் விளையாடுவது எனக்குப் பிடிக்காது.

மார்ச் 11, செவ்வாய்

அகப்பட்டது!

அனுப்பிய மெயில்களின் பட்டியலைப் பார்த்தேன். நான் கொடுத்த கோப்பின் அளவில் கால்வாசிகூட இல்லை மின்னல் அனுப்பியது. முக்கால் பங்கு எங்கே போயிற்று? சிவப்புக் குறியையும் சரியான முறையையும் வெட்டி எறிந்தால் அவ்வளவுதானே மிஞ்சும்?

நேரே டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். அதற்குள் ஒரு டிரைவரும் அதே தோளோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நிச்சயம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மின்னலை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போகும்போது என் மேசை முன்னால் நின்றார்.

"மெயில்ல லேசா போகணும்னு கலரை மட்டும்தான் கொறைச்சேன் மேடம். எட்டுப் பிரேமும் உள்ளதான் இருக்கு. எண்ணிப் பாருங்க."

எண்ணவில்லை. திருடனே சாவியைக் கொடுத்துப் பூட்டைச் சரிபார்க்கச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் குரல் நடுங்கியது. தப்புச் செய்து மாட்டியவர்களுக்கும் நடுங்கும்.

மார்ச் 13, வியாழன்

இனி நானே அனுப்புகிறேன். என் கோப்பு, என் கை, முழு அளவு. ஏழு பேருக்குப் போயிற்று. நிம்மதி.

மார்ச் 17, திங்கள்

ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர். வியாழன் நான் அனுப்பிய ஏழு பேரில் ஒருவர். வந்தார், கையைத் தூக்கிக் காட்டினார். தோள் காதில்.



"சார், படம் ஓடுச்சா?"

"ஓடுமா? அது சும்மா நிக்குதேம்மா. போட்டோன்னு நெனச்சேன்."

அவர் வீட்டு மெயில் மென்பொருள் எது என்று கேட்டேன். பழையது. வரவேற்பறைக் கணினியிலும் அதுவே இருக்கிறது, இத்தனை நாளில் நான் அதைத் திறந்ததே இல்லை. எனக்கே ஒரு பிரதி அனுப்பி அங்கே போய்த் திறந்தேன்.

நின்றது. முதல் பிரேம் மட்டும். தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு ஒருவர், வலியே இல்லாதவர்போல லேசாகச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை வரைந்தது நான்.

பிறகு மின்னல் அனுப்பியதையும் பிரித்துப் பார்த்தேன். எட்டு இருந்தன. நிறம்தான் கொஞ்சம் மங்கல்.

மார்ச் 18, செவ்வாய்

காலையெல்லாம் படித்தேன். சில மெயில் மென்பொருள்களில் ஜிஃப் முதல் பிரேமோடு நின்றுவிடுமாம். இன்னொரு வகைப் படம் இருக்கிறது. அசைத்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் மட்டும் தெரிவதற்கென்று தனியாக ஒரு படம் வைக்கலாமாம் அதில். இதையெல்லாம் யோசித்து ஏற்பாடு செய்தவர்கள் இருக்கிறார்கள். படம் வரைகிறவள் என்று சம்பளம் வாங்கும் நான் யோசிக்கவில்லை.

மென்பொருள்மேல் பழியைப் போடலாம். அதற்கு வாய் கிடையாது.

கடைசியில் எளிய வழிதான். பதினைந்து படத்திலும் சரியான முறையை முதலில் வைத்தேன். நின்றாலும் சரியானதில் நிற்கும். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் திரும்ப அனுப்பினேன். "திருத்திய படம்" என்று மட்டும் எழுதினேன். யார் தப்பு என்று எழுதவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தையல்கார அம்மாவின் கை கண்மட்டம் வரை வந்துவிட்டது. டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார், அவரை அல்ல, என்னை.

"ஆளு வெளிய போனதும் எல்லாம் சரியாயிடுச்சு பாத்தீங்களா? நல்லவேளை நீங்க கண்டுபிடிச்சீங்க. திங்கள் அவருக்குக் கணக்க முடிச்சு அனுப்பிடறேன்."

தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆமாம். ஆட்டினேன்.

மார்ச் 22, சனி

யாருக்கும் தெரியாது. பழைய படங்களை அழித்துவிட்டால் நிரூபிக்கவும் முடியாது. இன்று இரண்டு முறை அழிக்கப் போனேன்.

பத்து நாளுக்கு மேல் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டேனே — மூடிய ஜன்னல், சுருங்கிய அளவு, நடுங்கிய குரல். ஒருவேளை அவர்தான் என்று ஆக வேண்டும் என நான் விரும்பினேனா? என் வேலையைக் கேட்டவர் என்பதற்காகவா?

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை விளையாடவில்லை.

"நிச்சயம்னு சொன்ன வாய்தானே? அதே வாயாலதான் போய்ச் சொல்லணும்."

"வேலை போச்சுன்னா?"

"போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கும் அது வேலைதானே?"

மார்ச் 24, திங்கள்

மின்னலை வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் போய்விட்டேன். டாக்டரம்மாவை வரவேற்பறைக் கணினிக்கு அழைத்து வந்து பழைய படத்தைத் திறந்தேன். சிரித்துக்கொண்டு நின்றது.

"இது நான். அவர் இல்ல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு உங்ககிட்ட நிச்சயமான்னு கேட்டேன்ல?" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

தையல்கார அம்மாவிடமும் டிரைவரிடமும் நானே போனில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டிரைவர் கத்தினார். அந்த அம்மா, "வரைஞ்சவ தப்பா, செஞ்சவ தப்பான்னு இப்ப என்னத்துக்கு, தோளு சரியா வரட்டும்" என்றார். கத்தியதே மேலாக இருந்தது.

மின்னல் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

திங்கள் முதல் மின்னல் மறுபடி வேலைக்கு வருகிறார். இனி என் படங்கள் அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகும். டாக்டரம்மாவின் உத்தரவு. சொல்லாவிட்டாலும் நானே கேட்டிருப்பேன்.

முதல் நாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இன்று முழங்கால் படத்தைக் கொடுத்தேன். ஐந்து மென்பொருள்களில் திறந்து பார்த்தாராம், மாலையாகிவிட்டது. திருப்பி அனுப்பியதில் ஒரு குறிப்பு: "நாலாவது பிரேமில் கால் சரியாக மடங்கவில்லை. மாற்றவும்."

"மேடம்" என்ற வார்த்தை இல்லை.

பார்த்தேன். கால் சரியாக மடங்கவில்லைதான். மாற்றிக்கொண்டிருக்கிறேன்.