கேமராவுக்கு ஒரு பொட்டு

5 ஆகஸ்ட் 2006, சனி

சஹானா இப்போதுதான் தூங்கினாள். இன்றைக்கு பாலா வெப்கேமில் அரை மணி நேரம் முழுசாகக் கிடைத்தார். ஜெர்மனியில் நல்ல மழையாம். இவள் கையிலிருந்த முறுக்கைக் கொண்டுபோய், மானிட்டரில் அவர் வாய் எங்கே என்று பார்த்துத் தேய்த்தாள். அவரும் அங்கே "ஆ..." என்று வாயைத் திறந்து மென்று காட்டினார். "ஒண்ணு போதாதுடா தங்கம், இன்னொண்ணு குடு!" கண்ணாடி பூராவும் எண்ணெய். துடைக்க மனசு வரவில்லை.

அவர் கம்பெனி வேலையாக ஆன்சைட் கிளம்பும்போது தவழக்கூடத் தெரியாத குழந்தை. இப்போது வீடெல்லாம் நடக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் அந்தப் பெட்டிதான்.

பெட்டிதான் கொஞ்ச நாளாகத் திணறுகிறது.

9 ஆகஸ்ட், புதன்

பேப்பரில் ஸ்பைவேர் பற்றிப் போட்டிருந்தார்கள். நாம் தட்டுவதை எல்லாம் நமக்கே தெரியாமல் யாருக்கோ அனுப்புமாம். இலவசமாக இறக்குவதோடு ஒட்டிக்கொண்டு வருமாம். சஹானாவுக்காக மீன்தொட்டி ஸ்கிரீன்சேவர் இறக்கினேனே... அதுவா?

மத்தியானம் உட்கார்ந்து இரண்டு காவல் புரோகிராம் போட்டேன். மூன்றாவது தானாகவே வந்தது. "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று திரை முழுக்கச் சிவப்பாக மின்னினால் என்ன செய்வது? கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தினேன். கடைசியில் கிரெடிட் கார்டு நம்பர் கேட்டது. நல்லவேளை, என்னிடம் கார்டே கிடையாது.

வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு, போட்டோமா என்று எழுந்துபோய்ப் பார்க்கிறவள் நான். ஒன்றுக்கு மூன்று காவல் இருக்கட்டும்.

10 ஆகஸ்ட்

முன்னைவிட மோசம். எதைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாக் கதவையும் இரண்டு தடவை தாழ்பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சஹானாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கேமராவில் பச்சை விளக்கு எரிகிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. மெசஞ்சரைத் திறக்கக்கூட இல்லை. யாரு? எவன் பாத்துக்கிட்டிருந்தான்? எத்தனை நாளா? ஐயோ, தினம் இந்த நாற்காலியிலதானே உக்காந்து குடுக்கறேன்...

நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து கேமரா கண்மேல் ஒட்டினேன். அதுவும் போதாதென்று பிராட்பேண்ட் கேபிளையும் பிடுங்கிவிட்டேன்.

பாலாவுக்கு போன் செய்தபோது அழுகை வந்துவிட்டது. "புடுங்கினது நல்லதுதான் சியாமா. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். கடையில குடுத்தா மொத்தமா அழிச்சுடுவான், பாப்பா போட்டோ எல்லாம் போயிடும்" என்றார்.

"அப்போ நீங்க அவளப் பாக்கறது?"

"மூணு வாரம்தானே" என்றார். வருத்தத்தை மறைக்கிற அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

17 ஆகஸ்ட், வியாழன்

பதருன்னிசா வந்திருந்தாள், கணவர் தமீமையும் இழுத்துக்கொண்டு. காலேஜில் என் பக்கத்து பெஞ்சுக்காரி. இப்போது இதே புதுப்பட்டினத்தில் பக்கத்துத் தெரு. தமீம் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார்.

கேமராவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடி இது, கம்ப்யூட்டருக்குத் திருஷ்டிப் பொட்டா? அப்பிடியே ரெண்டு மொளகாவும் சுத்திப் போட்டுடு!"

தமீம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னாக்கா, மூணு காவக்காரன வச்சிகினு கீறீங்க. செவப்பா மின்னிகினு வந்தான் பாருங்க மூணாவது ஆளு, அவன்தான் திருடன். உள்ள குந்திகினு மத்தவனுக்கெல்லாம் கதவத் தொறந்து வுடறான்."

"அந்தப் பச்சை விளக்கு?"

"மெசஞ்சர் தானா ஸ்டார்ட் ஆனாலும் எரியும். இவன் வேலையாவும் இருக்கலாம். பொய் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியலக்கா."

திருடனை நானே கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தந்தால் போட்டோவை சிடியில் ஏற்றித் தருகிறேன் என்றார். தயங்கினேன். குழந்தை பிறந்த நாள் முதலாக எல்லாம் அதில் இருக்கிறது. பத்து பேர் வந்துபோகிற கடை. பதருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. "வுடுங்க, அவ வூட்டுக்காரரே வந்து பாக்கட்டும். ஆனா புள்ளைய நம்ம கடைக்குத் தூக்கினு வாடி. அங்க கேமரா கீது, அப்பனக் காட்டு."

20 ஆகஸ்ட், ஞாயிறு

கடைக்குப் போனோம். இருட்டு கேபின், தெரியாத திரை. சஹானா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். பாலா அவளுடைய முதுகைத்தான் பார்த்தார்.

26 ஆகஸ்ட், சனி

பாலா பேசும்போது போனை சஹானா காதில் வைத்தால் தட்டிவிடுகிறாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் அணைந்துகிடந்த மானிட்டரைத் தட்டி "ப்பா?" என்றாள். அரை பிஸ்கெட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கீழே விழுந்தது. திரும்பவும் எடுத்து வைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

கேபிளைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு தடவ? அஞ்சே நிமிஷம்? ...அந்தப் பச்சை விளக்கு ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

அவர் வந்து நிற்கும்போது இவளுக்கு அடையாளமே தெரியாமல் போனால்? கம்ப்யூட்டரைக் காப்பாத்தறேன்னு, இவளுக்கு இருந்த அப்பாவையும் புடுங்கிட்டேனா?

3 செப்டம்பர், ஞாயிறு

பாலா வந்துவிட்டார்!

பயந்த மாதிரியேதான் ஆனது. தூக்கப் போனார், வீல் என்று கத்திவிட்டாள். நீட்டிய கையோடு அப்படியே நின்றார். "பரவால்ல, பரவால்ல" என்றார், அவளிடமா என்னிடமா தெரியவில்லை. இளைத்திருக்கிறார். சாப்பிடும்போது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். போட்டோக்களை எல்லாம், கொண்டுவந்திருந்த தனி டிஸ்கில் முதலில் எடுத்து வைத்தார். பிறகு அந்த மூன்றாவது ஆளை வெளியேற்றினார். சஹானா முறுக்கும் கையுமாக என் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தார். திரை கறுப்பானது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"ப்பா!"

கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள். பாலா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்ல "ஆ..." என்று வாயைத் திறந்தார். இவள் புடவையை விட்டுவிட்டு நடந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடி. பிறகு அவர் முழங்காலைப் பிடித்து எம்பி, முறுக்கை அவர் வாயில் திணித்தாள்.

கடித்தார். நறுக் என்ற சத்தத்தில் திடுக்கிட்டுப் போனாள். கண்ணாடி அப்பா ஒருநாளும் கடித்ததில்லையே. பாதி முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கத்தை நீட்டினாள்.

அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை. மூன்று பேரும் அழுதோம், அவ்வளவுதான்.

12 செப்டம்பர், செவ்வாய்

ஒரே காவல்தான் இப்போது. பாஸ்வேர்டு எல்லாம் மாற்றியாயிற்று. பச்சை விளக்கு ஏன் எரிந்தது என்பது பாலாவுக்கும் தெரியவில்லை. அதனால் பொட்டு இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இன்று காலை பார்த்தால் பொட்டைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் பஸ்ஸிலிருந்து அவர் போன். "ஏண்டி, கேளம்பாக்கமே வந்தாச்சு. என் நெத்தியில பாப்பா ஒட்டின பொட்டு இருக்குன்னு வீட்டுலயே சொல்லக் கூடாதா? பஸ்ஸே சிரிக்குது!"

போனை வைத்துவிட்டு சஹானாவிடம் கேட்டேன், "அப்பா எங்கடி?"

கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைக் காட்டினாள்.