பிள்ளைகளின் நோவைப் படித்தவளுக்கு

இன்று காலை ஒப்பரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கிற ஈதர் போத்தல் புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. உனக்கு அது மல்லிகை, எனக்குத் தலைவலி. "ஈதர் மணத்துக்குப் பயந்த மிஸ்ஸி, வெங்காயம் உரிக்கப் பயந்த பொம்புள மாதிரி" என்று கேலி செய்வாய். வார்டுக்குள் நீ டொக்டர், நான் தாதி மிஸ்ஸி. குவாட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் பிறகு நீயும் நானும்தான்.

வெட்டுவதற்கு எல்லோருக்கும் ஆசை. மயக்கம் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. நீ அந்த வேலையைக் கேட்டு வாங்கினாய், அதுவும் பிள்ளைகளுக்கென்று. பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் மயக்கம் சட்டென்று ஆழமாகப் போய்விடும். சிறிய உடம்பு, சீக்கிரம் குளிர்ந்தும் போகும். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் சஞ்சிகைகளில் பாதியும், கட்டிலின் தலைமாட்டில் நின்று பாதியுமாக இதையெல்லாம் படித்தாய். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். நீ எந்தப் பிள்ளையின் கண்மணி எப்போது சுருங்கியது என்று சொல்லிக்கொண்டிருப்பாய். "பிள்ளை எண்டா சின்ன மனுசன் இல்லகா, அது வேற" என்பாய். நான் உன் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தின்றுவிடுவேன். அதுகூட உனக்குத் தெரியாது.

ஆறு தாண்டிப் பனிச்சங்கேணியிலிருந்து அந்தச் சிறுமியைக் கொண்டுவந்தார்களே, தொடையில் சீழ் கட்டி, காய்ச்சலோடு. வெறுவயிற்றில் கூட்டிவரும்படி முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தோம். "பச்சத் தண்ணியும் குடுக்கல்ல டொக்டரம்மா" என்று தாய் அடித்துச் சொன்னாள். நீ அவளோடு பேசவில்லை. பிள்ளையின் பக்கத்தில் குந்தி, "காலம்புற என்ன கறி கிளி?" என்று மட்டும் கேட்டாய்.

"முரல் மீன் ஆணம். முட்டையும் பொரிச்சுத் தந்த" என்றது பிள்ளை.

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வெறுவயித்தோட பிள்ளையத் தோணியில ஏத்துறதா? எங்கட பக்கத்தில ஏத்த மாட்டம். ஆத்துல ஏதும் நடந்தா, பிள்ளை பசியோட பெயித்திடுமே!"

வெட்டவிருந்த பெரிய டொக்டர் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார். சோறு எப்போதும் வயிற்றில்தான் இருக்கும், ஆரம்பிக்கலாம் என்றார். பின்னேரம் வரை பொறுக்க வேண்டும் என்றாய் நீ.

"சீழ் பொறுக்குமா?"

"மயக்கத்தில சத்தியெடுத்து சோறு மூச்சுக்குழலுக்குள்ள போனா சீழுக்கு வேலையே இல்ல ஐயா."

அந்த வார்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. காய்ச்சல் கூடிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் பழி உன் தலையில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சரியென்று தலையை ஆட்டினாய்.

பொறுப்பது என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். பிள்ளைக்கு? காலை அசைக்க ஏலாமல் கத்தியது. அவரிடமே போய், நோவு தணியக் கொஞ்சம் மோர்பின் கொடுக்கக் கேட்டாய். "இந்த வயசுக்கு நோவு விளங்காது. கத்திக் களைச்சா உறங்கிடும்" என்றார் அவர். கெட்ட மனிதர் அல்ல, அப்படித்தான் எல்லோரும் படித்திருந்தார்கள்.

"விளங்காமலா கத்துது?" என்று கேட்டாய். உன் குரல் உயரவில்லை, ஆனால் நீ நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை. கடைசியில், "உன் பொறுப்பு" என்றார்.

மோர்பின் கூடினால் பிள்ளையின் மூச்சே உறங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். வயதைப் பார்த்து அளவு சொல்வதுதான் அப்போதைய வழக்கம். தாயிடம் வயதைக் கேட்டால், "வெள்ளம் வந்துதே, அதுக்கு மறுகா பொறந்தவள்" என்றாள். மாரிக்கு மாரி வெள்ளம் வரும் ஊரில் எந்த வெள்ளத்தைப் பிடிப்பது? அந்த நேரத்திலும் உனக்குச் சிரிப்பு வந்தது. "வயசு பொய் சொல்லும், நிறை சொல்லாது" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், அரிசி நிறுக்கும் தராசில் வைத்தாய். தட்டு ஆடியபோது அது அழுகையை ஒரு கணம் மறந்து சமையற்காரனைப் பார்த்தது. நிறைக்குக் கணக்குப் பார்த்து, காய்ச்சலுக்காக அதிலும் குறைத்து ஊசி போட்டாய். பிறகு பின்னேரம் வரை அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளை கண்ணை மூடியது. தாயும் கட்டில் காலில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

பின்னேரம் பிள்ளையின் முகத்தை மூடிய வலைத்துணியில் ஈதர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பாதியில் பிள்ளை குமட்டியது. நீ அதன் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திருப்பினாய். வாயிலிருந்து வந்தது வெறும் தண்ணீர். பெரிய டொக்டர் ஒரு முறை அதைப் பார்த்தார், பிறகு வெட்டினார். சீழ் வடிந்தது. பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடியது. எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் கையில் சீழ்க் கிண்ணம் இருந்தது.

தாயை நீ ஏசவில்லை. ஆறு கடந்து வருகிறவர்கள் முதல்நாளே வயிறாரச் சாப்பிட்டு வந்து இரவு வார்டில் தங்கட்டும் என்று ஏற்பாடு செய்தாய். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

பிள்ளைகளுக்கு இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று சீமைக்குப் போய்ப் படிக்க விரும்பினாய். "பிள்ளைக்கெண்டு தனியா ஒரு படிப்பா?" என்று சிரித்தவர்களுக்கு, "இல்லாட்டி நான் தொடங்குறன்" என்றாய். பெட்டி கட்டி முடிவதற்கு முன் நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இத்தனை வருடமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

இன்று பின்னேரம், கிரான் ஊரில் நெல் அவித்த கொதிநீர் முதுகில் கொட்டிய ஒரு குழந்தை வந்தது. இன்னும் பேச்சு வரவில்லை. புது டொக்டர் நல்ல பிள்ளை. புண்ணுக்கு எல்லாம் எழுதினார், நோவுக்கு ஒன்றும் எழுதவில்லை. "இவ்வளவு சின்னதுக்கு நோவு எவ்வளவு எண்டு எப்படி மிஸ்ஸி தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீ உயிரோடு இருந்திருந்தால் அதற்குப் பதில் கண்டுபிடித்திருப்பாய்.

குழந்தையைத் தராசில் நிறுத்து, நிறையை அவரிடம் சொன்னேன். அவர் நோவு மருந்தை எழுதிக் கையெழுத்திடும் வரை கட்டிலருகே நின்றேன். நோவை நிறுக்க இன்னும் ஒரு தராசு வரவில்லை. அது வரும்வரை, அழுகிற பிள்ளை சொல்வதுதான் கணக்கு. அதை ஒருவரும் அழித்துவிட நான் விடமாட்டேன்.