வாயைப் பொத்தாத சிரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

பிறக்கப்போகும் பாப்பாவுக்காகத் துவைத்து மடித்த பழைய சீலைத் துணிகள் மேல் இதை வைக்கிறேன். வந்ததும் பார்ப்பீர்கள். நேரில் சொல்ல எனக்கு வெட்கம்.

தம்பி நன்றாக இருக்கிறான் என்று போனில் பொய் சொன்னேன். நீங்களும் அப்பாவும் நுவரெலியாவைச் சுற்றிப் பார்க்க பஸ் ஏறியதிலிருந்து அவன் அழுதுகொண்டே இருந்தான். சொல்லியிருந்தால் உடனே திரும்பியிருப்பீர்கள்.

போன வருடம் குழந்தை தவறியதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த லயத்து வீடுகளில் எது பேசினாலும் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். சிரித்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வீர்கள்.

நேற்று போனில், "ஒங்கப்பா குதிரையப் பாத்துப் பயந்து ஓடுறாரு புள்ள!" என்று சத்தமாகச் சிரித்தீர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த தம்பி அழுகையை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "அம்மாவா அது?" என்று கேட்டான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பாப்பா பிறந்த பிறகும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். தம்பியையும் பாப்பாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மூத்தவள்