ஜும்ஆ நாளில் அணைந்த அயன்

வெள்ளிக்கிழமை இரவு, உக்குவளை.

இன்று பகல் ஜும்ஆத் தொழுகைக்கு என் கணவர் உடுத்துகிற ஜுப்பாவைத்தான் அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் அயன் அணைந்தது. கடையில் இருந்துகொண்டே ஃபோனால் அணைத்திருக்கிறார். வீட்டுக் கரண்டைக் குறைக்க அவர் போட்ட ஆப் அது. எந்தப் பிளக்கையும் எங்கிருந்தும் நிறுத்தலாம். உடனே எனக்கு ஃபோனில் கோலும் எடுத்தார்.

"எந்த நேரமும் அயன்! பில்லை ஒன்ட வாப்பாவா கட்டுறாரு?"

என் பக்கத்தில் இருந்த அவருடைய அக்காவுக்கும் கேட்டது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தார். ஜுப்பாவைச் சுருக்கத்தோடே கொடுத்தேன். அப்படியே பள்ளிக்குப் போனார்.

அந்த ஆப் என் ஃபோனிலும் இருக்கிறது. போட்டுத் தந்ததே அவர்தான். பின்னேரம் வீட்டில் கூட்டாளிமாரோடு மேட்ச் பார்த்தார். கடைசி ஓவரில், குசினியில் அடுப்புப் பக்கம் நின்றபடியே டிவியை அணைத்தேன்.

"கரண்ட் போயிட்டு!" என்று கத்தினார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டாளிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆப் எனக்கொரு பச்சை இலை தந்தது. மின்சாரம் சேமித்தேனாம்.

இன்னும் மனசு ஆறவில்லை. வாப்பாவை இழுத்த வாய் அது. காலையில் சுடுதண்ணி இல்லாமல் குளிக்க மாட்டார். ஹீட்டரும் அந்த ஆப்பில்தான் இருக்கிறது. முகத்துக்குச் சவர்க்காரம் போட்டு நுரைக்கும் வரைக்கும் பொறுத்திருப்பேன்.