உங்கள் பையில் இருந்த என் தாள்கள்

இன்று காலை அலுவலகத்தில் ஒருவர் அனுப்பிய கணினி நிரலைத் திறந்தேன். வரிகளின் தொடக்கமெல்லாம் கோணல். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நினைக்கும் முன்பே விசைப்பலகையில் விரல்கள் ஓடின: இரண்டு தரம் சின்ன ஜி, சமக்குறி, பெரிய ஜி. முந்நூறு வரிகளும் தத்தம் இடத்தில் போய் நின்றன. அதைக் காட்டித்தந்த நீங்கள் போன மாதமே இறந்துபோய்விட்டீர்களாம். கனடாவிலிருந்து உங்கள் தம்பி நேற்றுத்தான் எழுதியிருந்தார்.

பேராதனையில் நாம் பக்கத்துக் கதிரைகளில் வேலை பார்த்த வருடங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலஹா பஸ்ஸில் வந்து இறங்கி, நான் ஒவ்வொரு வரியாக இடைவெளி தட்டிக்கொண்டிருப்பேன்.

"ஏன் விரலை நோகப்பண்ணுறீர்? அதை எடிட்டரிட்டை விடும், நாலு தட்டிலை அதுவே எல்லா வரியையும் நேராக்கும்" என்பீர்கள்.

நகரில் குண்டு வெடித்த வாரம் அது. வெள்ளிக்கிழமை என் நிரலை அச்சடித்துத் தந்தேன். "எங்கயோ ஒரு பிழைங்க, கண்டுபிடிக்க முடியல. கொஞ்சம் பாத்துத் தாங்க."

"வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன்" என்று பையில் வைத்தீர்கள்.

வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. குறிகளும் எண்களும் நிறைந்த பன்னிரண்டு தாள்கள். உங்களைக் கொண்டுபோக அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காலையே எனக்குச் செய்தி வந்துவிட்டது. அவை என் தாள்கள் என்று போய்ச் சொல்ல வேண்டியவள் நான். "நீயும் தமிழ்தானே, உன்னையும் உள்ள வச்சிருவாங்க" என்றார் அப்பா. இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். திங்கட்கிழமைதான் எங்கள் சிங்கள மேலாளரோடு பொலிசுக்குப் போனேன். தாள்களை அவர் விளக்கிச் சொன்ன பிறகு, மாலையில் உங்களை விட்டார்கள்.

மறுநாளே வேலைக்கு வந்தீர்கள், மணிக்கட்டில் கன்றிய தடத்தோடு.

"முப்பத்தெட்டாம் வரியிலை ஒரு அடைப்புக்குறி குறையுது" என்றீர்கள். "ஒவ்வொரு வரியா விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டவங்கள். அப்பதான் கண்டனான்."

எனக்கு அழுகை வந்தது. "மன்னிச்சிருங்க. சனிக்கிழமையே வந்திருக்கணும்."

"வந்தனீர்தானே" என்றீர்கள். அந்த வருடமே நாட்டை விட்டுப் போனீர்கள்.

அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ, தெரியாது. சனிக்கிழமை முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம் சோறு தின்றுவிட்டு, களைப்பில் நன்றாகத் தூங்கினேன். இத்தனை வருடமாகச் சுமப்பது அந்தப் பயத்தையல்ல, அந்தத் தூக்கத்தை.