மே மாத வகுப்பு வேண்டாம் என்றேன்

ஏப்ரல் கடைசி, வெள்ளி இரவு

மே மாதமும் பள்ளி நடத்தலாமா என்று தலைமையாசிரியர் இன்று எங்களைக் கேட்டார். இந்த வெயிலில் எதுவும் மண்டையில் ஏறாது, வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். நாளை முதல் விடுமுறை.

வகுப்பில் அறிவித்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஒன்பதாவது படிக்கும் செல்வி மட்டும் பையைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இண்டூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். எல்லாரும் போன பிறகு என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னும் கொஞ்ச நாளு ஸ்கூல் வெக்க மாட்டீங்களா? லீவு வுட்டதும் என்னைய மாமனுக்குக் கட்டி வெச்சிருவாங்க."

உடனே அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை.

"லீவுலதானுங்க டீச்சர் கல்யாணம் வெச்சிருக்கோம். அவ படிப்பு கெடாதுங்க."

குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னேன். காலையில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவரை என்னோடு இரு என்று செல்வியை எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்.

"வேணாம் டீச்சர். தங்கச்சி தனியா இருப்பா" என்று பஸ் ஏறிவிட்டாள். தங்கை ஏழாவது படிக்கிறாள்.

சாப்பிட்ட பிறகு மறுபடி அழைத்தேன். அந்த அம்மாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் முதலில் அவரிடம் பேசியிருக்கக் கூடாதோ.