அம்மா செய்த வெப்சைட்டுகள்

ஓசூர்,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

மோகனப்ரியா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சானந்தில் குஜராத் வெயில் குறைந்ததா? மெஸ் சப்பாத்தி இப்போதாவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அம்மாவுக்காகக் கூட்டியோ உங்களுக்குப் பயந்து குறைத்தோ ஒரு வரிகூட எழுதமாட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாம் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதுவோ அவளைப் பற்றியது. தவிர, நான் படிக்கும் நாவல்களில் முக்கியமான சமாச்சாரம் எல்லாம் கடிதத்தில்தான் வருகிறது. நாளை வெள்ளிக்கிழமை, கிளை நூலகத்துக்கு விடுமுறை. அதனால் இன்றே எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஜன்னலோர மேசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நீங்கள் அம்மாவிடம் ஒன்று சொன்னீர்கள். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி அக்கா போகும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அசெம்பிளி லைன், வாசலுக்கே பஸ் வரும், மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு, இந்த வெப்சைட் வேலையை விட்டுவிட்டு ஜூனில் அங்கே சேர்ந்துவிடு என்று. அம்மா ஒரு தவணை கேட்டாள். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பெங்களூருக்கு நேரடியாகப் பழம் விற்க ஒரு வெப்சைட் செய்யப் போகிறார்கள், அந்த வேலை கிடைத்தால் இதிலேயே இருக்கிறேன், கிடைக்காவிட்டால் கம்பெனிக்குப் போய்விடுகிறேன் என்றாள். நீங்களும் சரி என்றீர்கள். போனை வைத்த பிறகு அவள் கொடியிலிருந்து எடுத்த ஒரே போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அது உங்களுக்குத் தெரியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

தோப்புக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதற்கு முன் செய்த வேலைகளைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். அம்மா லேப்டாப்பைத் திறந்து, தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினாள். அப்பா, எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அகலக்கோட்டை ரோஜா நர்சரிக்காரருக்குச் செய்த முகவரியைத் தட்டினால் ரம்மி ஆட வாருங்கள் என்று ஒரு பெண் கண்ணடிக்கிறாள். நர்சரிக்காரர் முகவரியைப் புதுப்பிக்க மறந்து, வேறு யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்களாம். கல்யாண மண்டபத்தை விற்றுவிட்டார்கள், வெப்சைட்டும் போய்விட்டது. டியூஷன் சென்டரே இப்போது பரோட்டாக் கடை. சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்கு ஷிப்ட் கணக்குக்கு ஒரு மென்பொருள் எழுதினாளே, அது இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்தப் பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறது, வெளியாள் யாரும் பார்க்க முடியாது. கட்டடம் கட்டியவர் கையைக் காட்டி, இதோ நான் கட்டியது என்று சொல்லலாம். அம்மா அப்படிக் கைகாட்ட ஓர் இடமும் இல்லை.

உயிரோடு இருந்தது குருபரப்பள்ளி முனிவேல் அண்ணனின் போர்வெல் வெப்சைட் ஒன்றுதான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கிறது. அதை மட்டும் காட்டிச் சமாளிப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

பழம் கட்டும் கொட்டகையில் வைத்துத்தான் கூட்டம். அங்கே நுழைந்ததும் வந்த வாசனை இன்னும் என் சுடிதாரில் இருக்கிறது. பெங்களூரா மாம்பழம் ஒரு பக்கம் மலைபோலக் குவிந்திருக்க, செந்தூரா ரகத்தை வைக்கோலில் பரப்பியிருந்தார்கள். தலைவர் சென்னகிருஷ்ணன் ஐயா வெள்ளைச் சட்டை போட்டவர், அளந்துதான் பேசுவார். பக்கத்தில் திம்மராயன் என்று ஒருவர், எதற்கெடுத்தாலும் கிண்டல். இவர்களுக்கு நடுவே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு சரோஜம்மாள் உட்கார்ந்திருந்தார். செந்தூரா தோப்பு அவருடையது. எல்லாரும் ஒரு சொல் சொல்லிவிட்டு அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நம் லேப்டாப் பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கொட்டகையில் இருந்ததோ ஒரே பிளக், அதில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திம்மராயன் எழுந்து விசிறியைப் பிடுங்கிவிட்டு, ‘வேர்த்தாலும் பரவால்ல, அம்மணி படம் காட்டட்டும்’ என்றார். முந்தின வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்து சுவர் அகலத் திரை கட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. பெரிய பெரிய ஓட்டல் பெயரெல்லாம் சொன்னார்களாம். நம் லேப்டாப்பில் ஏழு பேர் தலையை முட்டிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

சரோஜம்மாள் சுற்றி வளைக்கவில்லை. ‘ஏம்மா, நீ செஞ்சதுல எது எது உசுரோட கெடக்குது, எது எது போய்ச் சேந்துச்சு? அத மொதல்ல சொல்லு’ என்றார். நான் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தேன், போர்வெல்லை மட்டும் காட்டு என்பதற்காக. அவளோ நேராக ரோஜா முகவரியைத் தட்டிவிட்டாள். ரம்மிக்காரி கண்ணடித்தாள். திம்மராயன் தொடையில் தட்டிச் சிரித்து, ‘நல்லாருக்குது போ! ரோசாச் செடி வாங்க வந்தவன் தோட்டத்தையே தோத்துட்டுப் போவான்’ என்றார். சென்னகிருஷ்ணன் ஐயா சிரிக்கவில்லை. அம்மா ஒவ்வொன்றும் ஏன் நின்றுபோனது என்று மறைக்காமல் சொன்னாள். ரோஜா விலை தினம் மாறும், அதை அவரே மாற்றிக்கொள்ளும்படி செய்து தராமல் விட்டேன், விலை பொய்யானதும் ஆட்கள் வருவது நின்றது, அவரும் விட்டுவிட்டார் என்றாள். பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் தாங்கள் செய்ததில் நின்றுபோனதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அது நமக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. வெட்டிவிட்டாள். மறுபடி அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்தால், கொட்டகை முழுவதும் கேட்கும் குரலில் ஒருவர், ஆனேக்கல்லிலிருந்து, ‘மேடம், போர்வெல் ஹாக்கிஸ்பேக்கு’ என்கிறார், போர்வெல் போட வேண்டுமாம். அம்மா முகம் சிவந்து, ‘ஸ்வல்ப இரி சார், நம்பர் கொட்தீனி’ என்று முனிவேல் அண்ணனின் எண்ணைக் கொடுத்து, எந்த ஊர், எவ்வளவு ஆழம் எல்லாம் விசாரித்து வைத்தாள்.

இந்த ரகசியம் உங்களுக்கும் தெரியாது. முனிவேல் அண்ணனுக்கு வெப்சைட் செய்தபோது, பார்க்க எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அம்மா தன் எண்ணையே போட்டு வைத்தாள். தமிழிலும் தெலுங்கிலும் பிறகு மாற்றிவிட்டாள். கன்னடப் பக்கம் மட்டும் எதிர் வீட்டு டீச்சர் தட்டிக்கொடுத்தது. நமக்குத்தான் கன்னட எழுத்து தெரியாதே. கை வைத்தால் எங்கேயாவது உடைந்துவிடும் என்று பயந்து முதலில் அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டாள். அதிலிருந்து பெங்களூர்ப் பக்கம் யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் நம் வீட்டில்தான் மணி அடிக்கிறது. அம்மா இவ்வளவு கன்னடம் பேசுகிறாளே என்று ஆச்சரியப்பட்டீர்களே, எல்லாம் போர்வெல் கன்னடம்.

சென்னகிருஷ்ணன் ஐயா கேட்டதும் அம்மா இதையும் ஒப்புக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ‘ஒரு நம்பரச் சரியாப் போடத் தெரியலீங்களே’ என்றார். திம்மராயன், ‘நாளைக்கி மாம்பழம் வேணும்னாலும் இவுங்க வூட்டுக்குத்தான் போன் போவும். நாம தோப்புல குந்திக்கினு காக்கா ஓட்டலாம்’ என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா மெல்ல லேப்டாப்பை மூடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ‘ஏட்டி, இங்கன நின்னு அழாத’ என்றாள்.

சரோஜம்மாள் சிரிக்கவில்லை. ‘இருங்கடா. ஆனேக்கல்லுல இருக்கிறவனுக்கு இவ மாமனா மச்சானா? அவன் எதப் பாத்துட்டுப் போன் போட்டான்?’ என்று கேட்டார். ‘வெப்சைட்டத்தான்’ என்றாள் அம்மா. ‘எப்போ செஞ்சது?’ ‘மூணு வருசம் ஆச்சு.’ ‘மூணு வருசமா ஆளுங்க வந்துக்கினே இருக்கறாங்கன்னா அது வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்? அந்தப் பெங்களூர்க்காரன் அத்தினி படம் காட்டுனானே, நடுவுல ஒரு போன் வந்துச்சா?’ என்றார்.

பிறகு அவரே முனிவேல் அண்ணனுக்குப் போன் போட வைத்து, எல்லாரும் கேட்கும்படி விசாரித்தார். முனிவேல் அண்ணன் பின்னால் இயந்திரச் சத்தத்தோடு கத்தினார். ‘நம்பர மாத்தறேன்னு அந்தக்கா நாலு வாட்டி கேட்டாங்க, நாந்தான் வேணாம்னுட்டேன். நான் பேசுனா கஸ்டமர் சண்டைக்கு வரான், அவுங்க பேசுனா அட்வான்ஸோட வரான்! ஏங்க, உங்களுக்குத் தண்ணி கிண்ணி வேணுமா?’ சரோஜம்மாள், ‘எங்களுக்கு மழையே போதும், நீ வைப்பா’ என்று வைத்துவிட்டார்.

அதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டார்கள். சரோஜம்மாளின் செந்தூராவுக்கு மட்டும் அன்றைக்கே ஒரு பக்கம் செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்து முகம் தெரியாத ஒருவராவது பழம் கேட்க வேண்டும். கேட்டால் மொத்தத் தோப்புக்கும் அம்மாதான். சொந்தக்காரர்களை விட்டுக் கேட்க வைத்தால் செல்லாது. இதைச் சொல்லும்போது சரோஜம்மாள் என்னைத்தான் பார்த்தார். உங்களைக் கேட்க வைக்கலாமா என்று நான் நினைத்தது எப்படித் தெரிந்ததோ!

அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானம் என் வாழ்க்கையில் வந்ததில்லை, அப்பா. அம்மா பழப் பெட்டிமேல் உட்கார்ந்து தட்டினாள். நான் படம் எடுத்தேன். சரோஜம்மாள் முதலில் தன்னைப் படம் எடுக்கக் கூடாது என்றார், மரத்தை எடு என்றார். பிறகு எங்கேயோ போய் முகம் கழுவிப் பவுடர் போட்டு வந்து மரத்துக்குக் கீழே தற்செயலாக நிற்பதுபோல நின்றார். பழத்தைப் பற்றி என்ன எழுத என்று அம்மா கேட்டதற்கு, ‘கல்லு வெச்சுப் பழுக்க வெக்கல. எங்க வூட்டுப் புள்ளைங்க திங்கறதும் இதேதான். இன்னா எழுதறதுக்கு இருக்குது?’ என்றார். அம்மா அதை அப்படியே போட்டுவிட்டாள். அன்றன்று என்ன விலை, எத்தனை பெட்டி என்பதை அவரே போனில் பேசினால் போதும், வெப்சைட்டில் தானாக மாறும்படி செய்தாள். கன்னடப் பக்கத்தை எதிர் வீட்டு டீச்சர் போனிலேயே தட்டி அனுப்பினார். சரோஜம்மாள் தெலுங்கிலும் தமிழிலும் பேசிப் பார்த்து, மாறுவதைக் கண்டு, விலையை வேண்டுமென்றே ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் கேட்டது நம்பரைத்தான். தமிழில் பார், தெலுங்கில் பார், கன்னடத்தில் பார் என்று திம்மராயன் மூன்று பக்கத்திலிருந்தும் எண்ணைத் தொட்டுத் தொட்டு அழைத்தார். மூன்று தடவையும் சரோஜம்மாளின் இடுப்புச் சுருக்குப்பை அதிர்ந்து பாடியது. அவர் கூச்சத்தில் நெளிய, மற்றவர்கள் கைதட்டினார்கள். சென்னகிருஷ்ணன் ஐயாவும் சிரித்தார். அவருக்கு ஒரு பல் இல்லை. அதனால்தான் அதுவரை சிரிக்கவில்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அம்மா சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். செவ்வாய்க்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது சரோஜம்மாளே அம்மாவைப் போனில் கூப்பிட்டார். ‘முத்துமணி! எவளோ ஒருத்தி எலக்ட்ரானிக் சிட்டியாம், நெட்டுல மாம்பழம் தேடுனாளாம், கன்னடத்துல கேக்கறா. எனக்கு அவசரத்துல தெலுங்குதான் வந்துச்சு. ஆனாக்கா பொட்டி வேணும்ங்கறது ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோச்சு’ என்றார். அந்தப் பெண்ணைத் தொடர்ந்து அவள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்தே இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள். நேற்று சென்னகிருஷ்ணன் ஐயா பேசினார். வேலை அம்மாவுக்குத்தான் என்று உறுதி சொல்லிவிட்டார்.

இதை அம்மா நேற்றிரவு உங்களிடம் போனில் சொன்னாள். நீங்கள், ‘சரி, பாப்போம். கம்பெனியிலயும் ஒரு வார்த்த சொல்லி வை’ என்றீர்கள். உங்கள் கவலை தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பது எங்களுக்காகத்தான். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது, அத்தை அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அவ வீட்லதான் இருக்கா’ என்றீர்கள். அம்மா அப்போது அடுத்த அறையில் அந்த லேத் பட்டறை வேலையை முடித்துக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி தட்டினாள். அவ்வளவுதான். நானும் இதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

சரோஜம்மாளின் வெப்சைட் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பழம் வாங்க வேண்டாம் அப்பா, குஜராத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, சும்மா திறந்து பாருங்கள். அம்மா செய்ததில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. படங்களோடு நிறுத்தாமல் கடைசி வரைக்கும் இறக்கிப் பாருங்கள். இத்தனை வருடத்தில் எந்த வெப்சைட்டிலும் அம்மா தன் பெயரைப் போட்டதில்லை. ‘செஞ்சவ பேரு இல்லாம எப்படி, போடு’ என்று சரோஜம்மாள்தான் அதட்டினார். அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறாள். முத்துமணி என்று மட்டும் போட்டாலே போதும் என்றுதான் அவர் சொன்னார். அம்மாதான் உங்கள் பெயரையும் சேர்த்து, முத்துமணி கருப்பசாமி என்று போட்டாள்.

பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மோரில் உப்பைக் குறைத்துக் குடியுங்கள். குலசாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
மோகனப்ரியா.

நூலகர் அண்ணன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.